பெட்டியில் இருந்த சப்பாத்து

அன்று கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்.

பெரிய டொக்டர். உயரமான வெள்ளைக்காரர். எதைச் சொன்னாலும் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார். அவருக்குப் பக்கத்தில் சின்ன டொக்டர் கயல்விழி, திருநெல்வேலிப் பிள்ளை. ஒரு நேர்ஸ். என் மனைவி சுகந்தி, கெயார் ஹோம் உடுப்போடு, ஷிப்ட் முடிந்து நேரே வந்தவள். மகள் துளசி, யூனிவர்சிட்டிப் பையோடு. பக்கத்துக் கட்டில் டெரன்ஸ். அவருக்கு இதில் ஒரு அலுவலும் இல்லை, ஆனாலும் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம், கதிரையில், மாமி. கட்டிலில் நான்.

என் பெயர் தவராசா. கடைகளின் பிரிஜ், குளிர் அறை திருத்துவது என் வேலை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உள்ள ஆட்களுக்கு உதவும், எழுதுங்கோ அப்பா என்று துளசி சொன்னாள். பிழை பார்த்துத் தருவாயா என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகையால் பிழை இருந்தால் இருக்கட்டும்.

மாமியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மாமி என்றால் சுகந்தியின் தாய். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், எங்களோடுதான் இருக்கிறார். மாமியும் நானும் நேரே கதைப்பதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். மருமகனுக்கு முன்னால் மாமி வந்து நிற்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மூன்றாம் ஆளிடம் சொல்வார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். லண்டனுக்கு வந்தும் மாறவில்லை. இங்கே கதவுகள் கொஞ்சம் சின்னன், அவ்வளவுதான்.

நான் வேலையால் வந்தால் மாமி குசினிக்குள் போய்விடுவார். அங்கிருந்து சத்தமாகச் சொல்வார்.

"துளசி, கொப்பாவைக் கேள், புட்டோ இடியப்பமோ எண்டு."

"துளசி, புட்டு" என்று நான் முன்னறையில் இருந்து சொல்வேன்.

துளசி மாடியில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு இருப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. புட்டு வந்துவிடும்.

இனி வருத்தம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

2008 கடைசியில் எனக்கு வேலை இல்லாமல் போனது. கடைக்காரர்கள் பழுதான பிரிஜ்ஜை வைத்தே சமாளித்தார்கள். சிலர் கடையையே மூடினார்கள். அந்த நேரம் அவுஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து சிவா போன் எடுத்தான். சித்தப்பாவின் மகன். அவனுக்கு அங்கே குளிர் அறை திருத்துகிற கொம்பனி. அங்கிருந்து வெகு தூரத்தில் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. ஊருக்கு ஒரு கடை. கடையின் குளிர் அறை நின்றால் ஊரில் இறைச்சி இல்லை, பால் இல்லை, மரக்கறி இல்லை. மழைக்காலத்தில் பாதை வெள்ளத்தில் மூடிவிடும், சின்ன பிளேனில்தான் போகலாம். அந்த நேரம் அங்கே போக அவனுடைய ஆட்கள் சம்மதிப்பதில்லை.

"அண்ணை, மூண்டு மாசம். விசா அலுவல் நான் பாக்கிறன். வருவியளோ?"

"ஓம்."

"அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ."

"சொல்லிட்டன்."

டார்வினில் இறங்கியதும் சிவா எனக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தந்தான். வேலைச் சப்பாத்து. முன்னால் இரும்பு வைத்தது, தேன் நிறம், கணுக்காலுக்கு மேலே வரும். திறந்தால் புதுத் தோல் மணக்கும். அப்படி ஒரு சப்பாத்து நான் என் வாழ்நாளில் போட்டதில்லை. பெட்டியையும் எறியாமல் வைத்துக்கொண்டேன்.

நான் வேலை செய்த ஊரின் பெயரை எழுதவில்லை. அந்த ஆட்களைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. கடைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தகர அறை தந்தார்கள். உதவிக்கு லெஸ்லி என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். என் வயது. என்னைவிடக் குறைவாகக் கதைப்பார். முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் கம்பிரசர் கழற்றினோம். "அதைத் தா", "இந்தா" என்பதைத் தவிர ஒரு கதையும் இல்லை. பின்னேரம் லெஸ்லி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ வாயாடி." எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

சில நாளில் அவர் என்னைத் தம்பியாக எடுத்துக்கொண்டார். அங்கே வெளியாள் வந்து ஊரோடு வேலை செய்தால் அவனுக்கு ஒரு முறை வைக்க வேண்டும். முறை இல்லாதவனோடு எப்படிப் பழகுவது என்று அவர்களுக்கு விளங்காது. எனக்கு அது புதினமாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்களும் லண்டனில் டூட்டிங் கடையில் ஒருவனைக் கண்டால் முதலில் எந்த ஊர், ஆருடைய மகன் என்றுதானே கேட்கிறார்கள்.

"நீ எனக்குத் தம்பி" என்றார் லெஸ்லி. "கடையில் காசு வாங்குகிற அந்த அம்மா என் மனைவியின் தாய். இனி உனக்கும் மாமி. நாங்கள் இரண்டு பேரும் அவரோடு கதைக்கக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. அவர் வந்தால் விலகி நிற்க வேண்டும். ஏதும் சொல்வதென்றால் வேறு ஆளிடம் சொல்லிவிட வேண்டும். அது மரியாதை. உன்னைப் போல வெளியாட்களுக்குக் கஷ்டம். மெல்ல மெல்லப் பழகு."

"எனக்குக் கஷ்டமில்லை" என்றேன். "லண்டனில் இன்னொரு மாமி இருக்கிறார். அங்கேயும் இதே வேலைதான்."

 லெஸ்லி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த நாள் ஊர் முழுக்க அந்தக் கதை போய்விட்டது. கிழவர்கள் எல்லாம் என்னைக் கண்டு தலையாட்டினார்கள். எத்தனையோ வெளியாட்கள் வந்து போயிருக்கிறார்கள், சொல்லிக் கொடுக்காமலே தெரிந்துகொண்டு வந்தவன் நான் ஒருவன்தானாம்.

பால் வாங்கப் போனால் காசை மேசையில் வைத்துவிட்டு நான் ஒரு சுவரைப் பார்த்து நிற்பேன். அந்த மாமி மிச்சக் காசை வைத்துவிட்டு மற்றச் சுவரைப் பார்ப்பார். எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

மெஷின்கள் கடைக்குப் பின்னால் இருந்தன. மழை பெய்து அந்த இடம் முழுக்கச் சேறு. சிவப்புச் சேறு, முழங்கால் வரை. நான் சப்பாத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு மேல் தட்டில் வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு இறங்கினேன். புதுச் சப்பாத்தை யாராவது சேற்றில் விடுவார்களா?

கடை யன்னலால் அந்த மாமி அதைக் கண்டுவிட்டார். அவர் மகளிடம் சொன்னார். மகள் லெஸ்லியிடம் சொன்னார். லெஸ்லி வந்து என்னிடம் சொன்னார்: "மழைச் சேறு கூடாதாம். அந்த ஆளைச் சப்பாத்துப் போடச் சொல்லட்டாம்."

"ஓம்" என்றேன்.

மாமி சொன்னால் ஓம் என்று சொல்லிவிட்டு நம் பாட்டில் இருப்பது எனக்குப் பழகிய வேலை.

ஒரு நாள் சேற்றுக்குள் கிடந்த தகரம் வலது குதிக்காலில் கீறிவிட்டது. எனக்குச் சீனி வருத்தம். காலில் விறைப்பு உண்டு, தொட்டாலும் தெரியாது. நோகவில்லை. நோகாததைப் பற்றி யாரிடம் சொல்வது?

குளிர் அறை வேலை செய்தது. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு வந்தேன்.

"மூண்டு மாசம் அவுஸ்திரேலியாவில இருந்திட்டு வாறியள்" என்றாள் சுகந்தி. "எப்பிடி அங்க?"

"வெக்கை."

"அவ்வளவுதானோ?"

"மழையும்."

வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் தொடங்கியது. பின்னேரம் நடுக்கம், காலையில் வேர்வை. பிறகு இருமல். பிறகு வலது பக்க நெஞ்சில் குத்து. அது பன்றிக் காய்ச்சல் லண்டனுக்கு வந்த நேரம். டிவியில் நாள் முழுக்க அதுதான், அல்லது எங்கள் நாட்டு யுத்தச் செய்தி. அந்த மே மாதம் எங்கள் ஆட்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது.

சுகந்தி டொக்டரின் கந்தோருக்குப் போன் எடுத்தாள். வெளிநாட்டால் வந்தவர், காய்ச்சல் என்றதும், தயவுசெய்து இங்கே கூட்டிவர வேண்டாம் என்றார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் அம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்கள் முகம் மூடி, கண்ணாடி போட்டு, பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டியிருந்தார்கள். முன்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு யன்னலைச் சாத்தினார். என்னை வெறுங்காலோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆசுபத்திரியில் ஒரு நேர்ஸ் கேள்வி கேட்டாள்.

"நீங்கள் போன இடத்தில் பன்றி இருந்ததா?"

"காட்டுப் பன்றி."

அவள் ஒரு அடி பின்னால் போனாள். என்னைத் தனி அறையில் போட்டார்கள். மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சுரண்டினார்கள். பன்றிக் காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. நல்லது என்று நினைத்தேன். பிறகுதான் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அதில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல் இருந்தது.

நிழல் என்றால் இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள். என்ன என்று படம் சொல்லாது.

முதலில் கசம், அதுதான் காசநோய், என்று சந்தேகப்பட்டார்கள். ஆகையால் இன்னும் கொஞ்ச நாள் தனி அறை. காலையில் ஒரு சின்னப் போத்தல் தந்து சளி கேட்பார்கள். கேட்காத நேரமெல்லாம் சளி வரும். போத்தலோடு ஆள் நின்றால் வராது. மாமி பஸ் எடுத்து வந்து வெளியே நடையில் கதிரை போட்டு இருப்பார், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. கண்ணாடிக் கதவு. மாமிக்கு நல்ல வசதி. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போகிற வருகிற நேர்ஸ்மாரிடம் எனக்கு வேண்டிய சங்கதியைத் தமிழில் சொல்வார்.

கசமும் இல்லை என்றானது. என்னை நான்கு கட்டில் உள்ள அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் டெரன்ஸ்.

டெரன்ஸ் ஜமேக்காவில் பிறந்தவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருதயத்தில் நீர். மாமி வந்தால் நேர்ஸிடம் கையைக் காட்டி என் கட்டிலுக்கு ஒரு பக்கத் திரையை இழுப்பித்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் இருப்பார். அந்தப் பக்கம் டெரன்ஸின் பக்கம். சுகந்தி வேலையில், துளசி படிப்பில். மாமிக்கு மூன்றாம் ஆள் வேண்டும். டெரன்ஸ் கிடைத்தார்.

"தம்பி" என்பார் மாமி டெரன்ஸைப் பார்த்து. டெரன்ஸுக்கு எழுபது வயது. "கோழிச் சூப் கிடக்கு. ஆறமுந்திக் குடிக்கச் சொல்லுங்கோ."

டெரன்ஸ் திரைக்குள் தலையை நீட்டுவார். "உன்னைச் சூப் குடிக்கட்டாம்."

"உனக்குத் தமிழ் தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்லை. ஆனால் முப்பது வருசமாக என் மனைவியின் தாய் எங்களோடு இருந்தார்."

அவர் ஒரு நாளும் பிழையாகச் சொன்னதில்லை. அதற்குக் கூலியாக அவருக்கும் ஒரு கோப்பை சூப் வரும். சில நாளில் இடியப்பமும் வரும். உப்புக் கூடாது என்று அவருக்கு டொக்டர் சொல்லியிருந்தார். மாமி அதைக் கவனித்து அவருக்கு வேறாகச் சமைக்கத் தொடங்கினார். என் சாப்பாட்டில் வழக்கம் போல உப்பு.

கயல்விழி என்கிற சின்ன டொக்டர் ஒவ்வொரு நாளும் வந்து கேள்வி கேட்பார். தமிழில் கேட்பதால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பெரிய டொக்டர் நம்பினார்.

"சார், அங்க மிருகம் ஏதாவது தொட்டீங்களா?"

"நாய்."

"கடிச்சுதா?"

"இல்லை."

"மழை, சேறு?"

"ஓம்."

"சேத்துல இறங்கி வேலை பாத்தீங்களா?"

"ஓம்."

"கம்பெனில ஷூ குடுத்தாங்களா?"

"ஓம். நல்ல சப்பாத்து."

"சப்பாத்துன்னா ஷூ தானே?"

"ஓம்."

கயல்விழி எழுதிக்கொண்டு போய்விடுவார். துளசி தலையில் கை வைப்பாள். "அப்பா, ப்ளீஸ், ஃபுல் சென்டன்ஸில சொல்லுங்கோ. அவ உங்களுக்கு ஹெல்ப் பண்ணத்தானே கேக்கிறா."

நான் கேட்டதற்குப் பதில் சொன்னேன். பிரிஜ் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. நானாகத்தான் கண்டுபிடிக்கிறேன். டொக்டர்மாரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

காய்ச்சல் இறங்கவில்லை. வழக்கமான மருந்துகள் ஏற்றினார்கள், கேட்கவில்லை. உடம்பு வற்றிக்கொண்டு போனது. ஜேர்மனியில் இருந்த காலத்தில் நான் நிறையச் சிகரெட் குடித்தவன். அதைக் கேட்டார்கள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு எல்லோரும் "வேறு ஏதாவது இருக்கலாம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த வேறு ஏதாவது என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. சுகந்தி வேலை செய்கிற இடத்தில் அந்த வருத்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் என் கை நகங்களை வெட்டிவிட்டாள். பிறகு கால் நகம். வெட்ட ஒன்றும் இல்லாத நாளிலும் வெட்டினாள்.

இந்த நாட்டில் ஆசுபத்திரிக்குப் பில் இல்லை. கார் நிறுத்தத்தான் பில். சுகந்தி அழுவதென்றால் காருக்குள் போய் அழுவாள். டிக்கெட் நேரம் முடிவதற்குள் அழுது முடித்துவிட்டு வருவாள்.

பயமாக இருந்ததா என்று துளசி பிறகு கேட்டாள். இருந்தது. பிரிஜ்ஜில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு என்னென்ன காரணம் என்று எனக்குத் தெரியும். நெஞ்சில் வந்த சத்தத்துக்கு ஒன்றும் தெரியாது. துளசிக்குப் படிப்பு முடியவில்லை. வீட்டுக் கடன் முடியவில்லை. கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டு அவற்றை யோசித்தேன். மாமி திரைக்கு அந்தப் பக்கம் பேசாமல் இருப்பார். மாமி பேசாமல் இருந்த நாட்களில்தான் எனக்குக் கூடப் பயம் வந்தது.

இனி முதலில் சொன்ன அந்த நாள்.

பெரிய டொக்டர் கம்பியைப் பிடித்தார். அடுத்த நாள் ஒரு பரிசோதனை செய்யப் போகிறோம் என்றார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நுரையீரலுக்குள் விட்டு, அந்த நிழல் இருக்கிற இடத்தில் ஒரு துண்டு கிள்ளி எடுத்துப் பார்ப்பார்கள். அவர் முதல் தடவையாக "புற்றுநோய்" என்ற சொல்லைச் சொன்னார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆயத்தமாக இருங்கள் என்றார். சுகந்தி கட்டிலின் விளிம்பைப் பிடித்தாள். துளசி அவள் கையைப் பிடித்தாள். டெரன்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

கயல்விழிதான் விடவில்லை.

"சார், ஒரே ஒரு தடவை. ரத்தம் எடுத்து பாட்டில்ல வச்சோம்ல, கிருமி வளருதான்னு பாக்க. அதுல ஏதோ வளந்திருக்கு. வெளியில இருந்து விழுந்த தூசியா இருக்கும்னு லேப்ல நினைக்கிறாங்க. மண்ணுல இருக்கிற மாதிரி ஒரு கிருமி. அதனால கேக்கறேன். சேறு மேல பட்டுச்சா?"

"சப்பாத்து இருந்தது" என்றேன். உண்மைதான். இருந்தது.

அப்போது திரை பேசியது.

"துளசி, அந்த டொக்டர் பிள்ளையிட்டச் சொல்லு. கொப்பா சப்பாத்துப் போடேல்லை."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பெரிய டொக்டரும் பார்த்தார்.

"அம்மம்மா, வாட்?"

"சப்பாத்து பெட்டியோட அலுமாரிக்கு மேல கிடக்கு. தூசி துடைக்க எடுத்துப் பாத்தனான். அடியில ஒரு மண் இல்லை. லேஸ் கூட அவிழ்க்கேல்லை. ரப்பர் செருப்பைத்தான் நான் மூண்டு தரம் ஊறப்போட்டுக் கழுவினனான். சிவப்புச் சேறு. பாத்ரூம் தொட்டி இன்னும் சிவப்பு. வலது காலிலயும் ஏதோ இருக்கு எண்டு சொல்லு."

"நீங்க பாத்தீங்களா, பாட்டி?" என்று கயல்விழி திரையைக் கேட்டார்.

"நான் அவரைப் பாக்கிறேல்லை, பிள்ளை. குசினிக்குள்ள இருந்து கேக்கிறனான். வந்த நாளில இருந்து அவர் வலது காலை வைக்கிற சத்தம் வேற."

கயல்விழி இதை ஆங்கிலத்தில் சொன்னார். பெரிய டொக்டர் கம்பியை விட்டார். அவர் கம்பியை விட்டதை நான் அன்றுதான் கண்டேன். போர்வையை இழுத்து என் வலது காலைத் தூக்கினார். குதிக்காலில் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. அமத்தினார். சீழ் வந்தது. எனக்கு நோகவில்லை.

"நல்ல ஷூன்னு சொன்னீங்களே சார்?"

"நல்ல சப்பாத்துத்தான்."

"போட்டீங்களா?"

"இல்லை."

"ஏன் சார் சொல்லல?"

"போட்டியளோ எண்டு கேக்கேல்லை."

கயல்விழி பேனாவை மூடினார். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் போடேல்லை?"

"புதுசு."

"புதுசோ! சப்பாத்து புதுசு எண்டு காலைக் குடுத்தனீங்களோ? கால் என்ன, கடையில திருப்பி வாங்கலாமோ?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு அழுதாள். கார் பார்க்குக்குப் போகாமல் அங்கேயே அழுதாள். டெரன்ஸ் துளசியிடம் என்ன நடந்தது என்று கேட்டு அறிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். "சப்பாத்து" என்றார் தமிழில். அன்றிலிருந்து காலையில் குட் மோர்னிங் சொல்வதை விட்டுவிட்டார். கண்ணைத் திறந்ததும் "சப்பாத்து" என்பார்.

அந்தக் கிருமியை வேறு பெரிய லேப்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. வருத்தத்தின் பெயர் மெலியோய்டோசிஸ். துளசி ஆங்கிலத்தில் எழுதித் தந்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வெப்ப நாடுகளில் மண்ணிலும் சேற்றிலும் இருக்கிற கிருமி. மழைக்காலத்தில் மேலே வரும். காயத்துக்குள்ளாலோ மூச்சுக்குள்ளாலோ உள்ளே போகும். நல்ல உடம்பு உள்ள ஆளை அநேகமாக ஒன்றும் செய்யாது. சீனி வருத்தக்காரனைப் பிடித்துக்கொள்ளும். நுரையீரலில் போய்ச் சீழ்க் கட்டி வைக்கும், இரத்தத்திலும் ஓடும். பார்த்தால் கசம் மாதிரி இருக்கும், புற்று மாதிரியும் இருக்கும். விட்டால் ஆள் முடிந்துவிடும். கண்டுபிடித்தால் மருந்து உண்டு. நிழல் அந்தச் சீழ்க் கட்டிதான் என்றார் பெரிய டொக்டர். குழாய் விட்டுத் துண்டு எடுக்கும் வேலையை நிறுத்தினார்.

மேற்கையில் நரம்புக்குள்ளால் நீளமான மெல்லிய குழாய் ஒன்று வைத்தார்கள். அதன் வழியாக ஒவ்வொரு நாளும் பல முறை மருந்து போனது. மருந்து தொடங்கி ஒரு கிழமைக்கு மேல் காய்ச்சல் விட்டபாடில்லை. இந்த வருத்தத்தில் அப்படித்தானாம், பொறுக்க வேண்டுமாம். பொறுத்தேன். பிறகு ஒரு காலையில் வேர்க்காமல் எழும்பினேன். பசித்தது. டெரன்ஸின் உப்பில்லாத இடியப்பத்தையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

சிவா டார்வினிலிருந்து போன் எடுத்தான்.

"அண்ணை, லெஸ்லி ஒரு செய்தி சொல்லிவிட்டவர். அவரின்ர மனுசி அவருக்குச் சொன்னதாம். மனுசிக்குத் தாய் சொன்னதாம்."

"என்னவாம்?"

"நான் அப்பவே சொன்னனான் எண்டாம்."

"ஓம்" என்றேன். இந்த முறை உண்மையான ஓம்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் கயல்விழி குளிசைகளைக் கொண்டுவந்து விளங்கப்படுத்தினார். காலையும் மாலையும், மாதக்கணக்கில், ஒரு நாளும் விடக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று நிறுத்தினால் வருத்தம் திரும்பி வரும். சீனியை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காலின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். திரும்ப அங்கே வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"போகலாம் சார், உடம்பு தேறினதும். மழை இல்லாத காலமாப் பாத்துப் போங்க. ஷூ குடுப்பாங்களான்னு இனி கேக்க மாட்டேன். போடுவீங்களா?"

"போடுவன்."

"ஃபுல் சென்டன்ஸ்!" என்றாள் துளசி. அது முழு வாக்கியமா என்று எனக்குத் தெரியாது.

சுகந்தி மாற்றுடுப்புக் கொண்டுவந்திருந்தாள். காற்சட்டை, சேட்டு, ஜாக்கெட் எல்லாம் இருந்தது. காலுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. நான் வெறுங்காலோடு வந்தவன் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். வெளியே மழை. நேர்ஸ் கடதாசிச் செருப்பு ஒன்று தந்தாள். அதைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தேன்.

திரை விலகியது.

மாமி நின்றார். கையில் பெட்டி. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும், ஒரு துளி நனையவில்லை. மாமியின் முகத்தை இவ்வளவு கிட்ட நான் பார்த்ததில்லை. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. சுகந்திக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

பெட்டியைத் திறந்தார். லேஸ் அவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒரு சோடி கம்பளிக் காலுறை. இரண்டு சப்பாத்தையும் எடுத்து என் காலுக்கு முன்னால் தரையில் வைத்தார்.

டெரன்ஸ் எனக்குச் சொல்வதற்கு வாயைத் திறந்தார். மாமி அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதைப் போடுங்கோ."

போட்டேன்.

கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருசம். மாமி என்னிடம் நேரே சொன்ன சொற்கள்: மூன்று.